விசாரணை இழுப்பறையில் பன்றி இறைச்சி

வெலிமடையில் ஓர் ஆண்பிள்ளைக்கு மரியாதை வேண்டுமென்றால் அவனிடம் ஒரு உருளைக்கிழங்குப் பாத்தியாவது இருக்க வேண்டும். கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா என்று ஏதாவதொன்றைப் பற்றிக் குறை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் என்ன விலை போனது என்பதைப் பொழுது சாயும் வரை சலிக்காமல் பேச வேண்டும். எனக்கு நிலம் கிடையாது. முப்பது சொச்சம் வருஷம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து, மற்றவர்கள் பறித்த கொழுந்தைக் கிலோக் கணக்கில் எழுதியதுதான் என் விவசாயம். ஓய்வு பெற்று டவுனுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, இது நம் விளைச்சல் என்று வந்தவர்களுக்குக் காட்ட ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. அதையும் நட்டது என் மனைவி. ஆகவே, இறைச்சிக்குப் புகைபோட ஒரு மின்சாரப் புகைக்கூடு கட்டுவது என்று தீர்மானித்தேன்.

இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று அவள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வந்த இடம் இருக்கிறது. சம்பளப் பதிவேடான செக்ரோலில் கையெழுத்து வாங்கக் காலையிலேயே தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போகவேண்டிய நாட்கள் உண்டு. போனால் பின்கதவுப் பக்கம் நிற்க வேண்டும். உள்ளே சமையல்கார அப்பு பேக்கன் பொரித்துக்கொண்டிருப்பார். கொழுப்பு உருகி, உப்பும் புகையும் கலந்து எழும் அந்த வாசம் குசினி ஜன்னலைத் தாண்டி, ரோசாப் பாத்தியைத் தாண்டி, என் கையிலிருக்கும் செக்ரோல் வரைக்கும் வரும். தட்டில் மட்டும் வராது. எங்கள் காலத்துத் துரைமார் எல்லாரும் இந்த நாட்டுக்காரர்கள்தான். வெள்ளைக்காரர்கள் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள். ஆனால் பங்களாவின் காலைச் சாப்பாடு மட்டும் ஸ்கொட்லாந்திலேயே தங்கிவிட்டது. சம்பளம் இவ்வளவு, வாசம் இவ்வளவு என்று காலமெல்லாம் வாங்கியவனுக்கு, ஒரு துண்டையாவது தானே செய்து முன்கதவால் கொண்டுபோய்த் தன் மேசையில் வைக்க வேண்டும் என்ற வைராக்கியம் வந்ததில் என்ன பிழை?

இதை வெறும் பொறாமை என்று வீட்டில் சொல்லிவிடக்கூடாதே என்று வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். இரவுச் சாப்பாட்டின்போது, மனைவி, மாமியார், பேரன் மூவரும் எழுந்துபோக முடியாத நேரம் பார்த்து ஆரம்பித்தேன். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் கண்டி அரசனிடம் சிக்கி, 1679இல் தப்பியோடி, 1681இல் இந்த நாட்டைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். வேடர்கள் மரத்தைக் குடைந்து தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். அந்த வேடர்கள் இன்றும் இருக்கும் தம்பானை நம் பதுளை மாவட்டத்தில், மகியங்கனைப் பக்கம்தான் இருக்கிறது. “ஊவா என்பதே இறைச்சியைக் காப்பாற்றத் தெரிந்த மாகாணம்” என்றேன்.

“தேன் விக்கிற விலைக்கு இறைச்சியக் கெட்டுப்போக விட்டுறலாம்” என்றாள் மனைவி.

விடவில்லை. மாசிக்குப் போனேன். மாலைதீவில் சூரை மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்து மரக்கட்டையாக்கி அனுப்புகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன இபுன் பதூதாவே அது இந்தியா, சீனா, யெமன் வரைக்கும் கப்பலேறுவதைக் குறித்து வைத்திருக்கிறார். இந்த வீட்டில் அரைக்கும் கட்டச் சம்பலில் விழுவதும் அதே புகைபோட்ட மீன்தான். ஆக, நாம் ஏற்கெனவே புகை தின்கிறவர்கள். கடைசியாக ஸ்கொட்லாந்துக்கே போய், 1939இல் அபர்டீனின் டொரி ஆராய்ச்சி நிலையத்தில் விசிறி வைத்துப் புகையை ஒரே சீராகச் சுற்றவிடும் மீன் சூளை ஒன்றை உருவாக்கினார்கள் என்பதையும், நான் கட்டப்போவது அதன் வெலிமடைக் கிளை என்பதையும் விளக்கினேன்.

மாமியார் ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னார்: “லயத்துல எங்க அடுப்புக்கு மேல கம்பி கட்டி இறைச்சி தொங்கும் தம்பி. மழக்காலம் முடியிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. அதுக்கு யாரும் கப்பல்ல வந்து புத்தகம் எழுதல.”

“அது கட்டுப்பாடில்லாத புகை, அத்தை” என்றேன்.

(அந்த அடுப்பை நான் புகழ்ந்து எழுதப்போவதில்லை. புகைபோக்கி இல்லாத ஒற்றைக் காம்பராவில், ஈர விறகை ஊதி ஊதி இருமிக்கொண்டே கிழவியானவர்களின் கணக்கு எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. இறைச்சிக்கு நல்லது எல்லாம் நுரையீரலுக்கு நல்லதல்ல.)

கட்டுப்பாடு என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சொல்லி முடிக்க விடவில்லை. அடுப்பில் சூடும் புகையும் சேர்ந்தே வரும். ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். மின்சாரத்தில் இரண்டையும் பிரித்துவிடலாம்: மரத்தைக் கருக்க ஒரு ஹொட் பிளேட், பெட்டியைச் சூடாக்க இன்னொன்று. மரம் தீப்பிடிக்கக்கூடாது. காற்று குறைவாக, 300 முதல் 400 பாகை வரையான சூட்டில், உள்ளுக்குள்ளேயே கனன்று கருக வேண்டும். அப்போது மரத்திலுள்ள லிக்னின் உடைந்து குவயகோல், சிரிங்கோல் என்பவை பிறக்கின்றன. புகை வாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். செலுலோசு உடைந்து வருபவை இறைச்சிக்கு நிறம் கொடுக்கும். பீனோல்கள் கொழுப்பு காறல் எடுப்பதைத் தடுக்கும். குபுகுபுவென்று வெள்ளையாக வரும் புகை கசக்கும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் இளநீலப் புகைதான் உத்தமம். கை தேர்ந்தவனின் புகைக்கூட்டில் புகையே கண்ணுக்குத் தெரியாது.

“அப்ப செலவு மட்டும்தான் தெரியும்?” என்றாள்.

பெட்டிக்கு முதலில் செத்துப்போன பிரிட்ஜைத்தான் நினைத்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்டு இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தில் வந்து வந்து போன கரண்டில் உயிரை விட்டது. வெல்டிங் வேலை பார்க்கும் பாஸ் ஒருவர் அதைத் திறந்து, உள்சுவரை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, இது பிளாஸ்டிக், இதற்குப் பின்னால் ஸ்பொஞ்சு, சூடு வைத்தால் இறைச்சி வேகுமுன் பிரிட்ஜ் வெந்துவிடும் என்றார். நியாயமான மனிதர். கூலி வாங்காமலேயே போனார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தோட்டத்து ஆபீசில் கழிவுச் சாமான் ஏலம் போட்டார்கள். நான்கு இழுப்பறை கொண்ட இரும்புப் பைல் கபினட் ஒன்று இருந்தது. என் கதிரைக்குப் பின்னால் நான் சேர்ந்த நாளிலிருந்து நின்ற அதே கபினட். எனக்கெதிராக விலை கேட்டவர் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் மட்டுமே. அவர் எடைக்குக் கேட்டார், நான் பாசத்துக்குக் கேட்டேன், பாசம் ஜெயித்தது. ஓட்டோவில் ஏற்றியபோது சாவி தரவில்லை. கேட்டதற்கு, நீங்கள் இருந்த காலத்திலேயே தொலைந்துவிட்டதே ஐயா என்றார்கள்.

பழைய பூச்சை அகற்றாமல் சாப்பாட்டுச் சாமானை உள்ளே வைக்கக்கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கொல்லைப்புறத்தில் கபினட்டை நிறுத்தி, வெல்டிங் பாஸின் டோர்ச்சை இரவல் வாங்கி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். சாம்பல் நிறம் கொப்பளித்து உரிந்தது. அது 1992இல் தோட்டங்களைத் தனியார் கம்பனிகளுக்குக் கொடுத்த பிறகு பூசியது. அதற்கு அடியில் ஒரு பச்சை. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிற்பாடு வந்தது என்று பழைய பெரிய கிளாக்கர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கும் அடியில் கருமரூன், வெள்ளைக்காரன் காலத்தது. மூன்று ஆட்சிகளையும் நான் ஒருவனாக ஒரு பகலில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றும் எரியும்போது ஒரே நாற்றம்தான் அடித்தது.

ஓய்வு பெற்ற கிளாக்கர் ஒருவர் கொல்லைப்புறத்தில் ஆபீஸ் கபினட்டை நிறுத்தி, அதிலிருந்து கரும்புகை வந்தால் இந்த நாட்டில் மக்கள் என்ன நினைப்பார்கள்? அதைத்தான் நினைத்தார்கள். வேலிக்கு மேலாக ஒருவர் எட்டிப் பார்த்து, “ஐயா, எந்த வருஷத்து பைல்?” என்று தணிந்த குரலில் விசாரித்தார். இன்னொருவர் ஓடிட் வருகிறதா என்று அக்கறையாகக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். பன்றி இறைச்சிக்குப் புகைபோடத்தான் என்றதும், சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது என்று கௌரவமாக ஒதுங்கிப் போனார்கள்.

பூச்சு போனதே தவிர, இழுப்பறைகளின் முகப்பில் திருகாணி போட்டு மாட்டியிருந்த பித்தளைச் சட்டங்களும், உள்ளே செருகிய அட்டைகளும் பத்திரமாக இருந்தன. கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். என் கையெழுத்து, எறிய மனம் வரவில்லை. மேலிருந்து கீழாக: செக்ரோல், லீவு, விசாரணை, ஈ.பி.எப். அடி இழுப்பறையில்தான் மரச்சீவல் கருக வேண்டும். ஈ.பி.எப்பில் போட்டது புகையாகி மேலே போகும் என்பது நான் தேடிச் செய்த பொருத்தமல்ல. அது தானாக அமைந்தது. விசாரணை அதற்கு நேர்மேலே, சூடு அதிகம் படும் இடம், அங்கே பன்றி. லீவில் கோழி, அது சீக்கிரம் முடிந்துவிடும். செக்ரோலில் சூடு குறைவு. வெள்ளைப்பூடு, மிளகாய் என்று சில்லறைப் பெயர்கள்.

இழுப்பறைகளின் அடித்தகட்டை வெட்டிவிட்டுக் கம்பிவலை போட வேண்டும். கடையில் கிடைக்கும் வலை நாகம் பூசியது; சூட்டுக்கும் உப்புக்கும் அது ஆகாது. தோட்டத்துத் தொழிற்சாலையான இஸ்டோரில் தேயிலை சலித்துக் கழித்துப்போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டுகள் பழைய பழக்கத்தில் கிடைத்தன. அதைப் பொருத்தியபோது இஸ்டோர்க்காரர்கள் முகம் போன போக்கை நினைத்துக்கொண்டேன். தேயிலை இஸ்டோரில் புகை என்பது கெட்ட வார்த்தை. சிரொக்கோ உலர்த்தியின் தகட்டில் எங்காவது ஓட்டை விழுந்து, உலர்த்தும் காற்றில் அடுப்புப் புகை கலந்தால் போதும், அந்தத் தேயிலையைக் கொழும்பில் நாக்கில் வைத்தவுடனேயே ஒதுக்கிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கப் புகையை விரட்டிய ஊரில் காசு கொடுத்துப் புகை உண்டாக்குகிறவன் நான் ஒருவன்தான்.

கரண்டு பாஸ் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், ஒளிவுமறைவு இல்லாதவர். கபினட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “இது முழுக்க இரும்பு ஐயா. எர்த் இல்லாம தொட்டா உள்ள இருக்கிற பன்றிக்கும் வெளிய இருக்கிற உங்களுக்கும் வித்தியாசம் இருக்காது” என்றார். எர்த் கம்பி அடித்து, தனியாக 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் போட்டு, தலா 1000 வாட்டில் இரண்டு ஹொட் பிளேட்டை இணைத்தார். சூட்டைப் பிடித்து வைக்கும் கருவியாகக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு வைக்கிற தெர்மோஸ்டாட்டையே போட்டோம். முட்டை பொரிக்க 37.8 பாகையில் வைப்பார்கள். அதையே 75க்குத் திருப்பினால் கோழிக்குப் புகைபோடலாம். ஒரு ஜீவனின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே பொத்தானில் வைத்திருக்கும் அந்தக் கருவியைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தத்துவம் வந்தது. மனைவிக்குக் கணக்கு வந்தது. இரண்டும் முழுக்க எரிந்தால் மணிக்கு இரண்டு யூனிட். வீட்டு பில்லில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே விலைப் பட்டியல் மாறும் என்பதை அவள் குழந்தைக்குப் பாலூட்டிய காலத்தைவிடக் கவனமாக நினைவில் வைத்திருக்கிறாள்.

மரத்தில்தான் என் புலமை வெளிப்பட்டது. மர ஆலைத் தூள் வேண்டாம். எது எதனோடு கலந்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஊவா மலையெங்கும் நிற்கும் பைன் வேண்டவே வேண்டாம், பிசின் தாராகப் படியும். (சீனாவில் பைன் புகையில் தேயிலையை உலர்த்தி லப்சாங் சூச்சொங் என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். இதை எங்கள் இஸ்டோரில் சொல்லியிருந்தால் என்னை லீவில் அனுப்பியிருப்பார்கள்.) டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூக்கலிப்டஸ் மரம் இருமலுக்கு ஆகும், இறைச்சிக்கு ஆகாது. கொய்யா நல்லது. பேரிக்காய் மரம் இன்னும் நல்லது. வெலிமடைக் குளிருக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிறது, கிளை கழிக்கும்போது கேட்டால் கொடுப்பார்கள். சிரட்டை சூடு கொடுக்கும். கறுவாக் குச்சி ஒன்றிரண்டு வாசத்துக்கு. இவற்றையெல்லாம் காயவைத்து, தகர டின்களில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி வரிசையாக அடுக்கினேன். மாமியார் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, “கவ்வாத்து மிலாறு எங்க?” என்று மட்டும் கேட்டார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய குச்சியெல்லாம் இந்தத் தரத்துக்கு வராது என்பதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நழுவினேன்.

உப்பூறல் எளிது. கிலோவுக்கு 25 கிராம் உப்பு, அதில் பாதி சீனி, இடித்த பதுளை மிளகு; தடவி மூடி பிரிட்ஜில் வைத்து, தினமும் புரட்டிப் போட வேண்டும். பேக்கனுக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் நைத்திரைற்று உப்பால் வருவது. பழைய காலத்தில் வெடியுப்பு போட்டார்கள். நச்சு உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியை அடக்கவும் அதுதான் காவல். ஆனால் என் வயதுத் தமிழன் ஒருவன் இந்த நாட்டில் ஹார்ட்வெயார் கடையில் ஏறி, வெடியுப்பு இருக்கிறதா, இறைச்சியில் தடவத்தான் என்று கேட்டுவிட்டு வீடு திரும்பிய வரலாறு இல்லை. ஆகவே நிறம் வேண்டாம். சூடாகவே புகைபோட்டு, உள்ளே 71 பாகை வரைக்கும் வேகவைத்து, அன்றைக்கே தின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி வெலிமடையில் கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடித்துச் சுடும் காய்ச்சல் துப்பாக்கி வீட்டில் இருந்தது.

முகூர்த்தம் குறிப்பதில்தான் சிக்கல். 2025 பெப்ரவரி 11 செவ்வாய் தைப்பூசம். மறுநாள் நவம் போயா, நாடு முழுக்க இறைச்சிக் கடை அடைப்பு. திங்கட்கிழமை தொடக்கம் வீட்டில் சைவம் என்று அறிவித்தாகிவிட்டது. எனவே 9ஆம் திகதி ஞாயிறு, இல்லாவிட்டால் பன்றி பிரிட்ஜில் கிடந்து மோட்சம் போக வேண்டியதுதான்.

காலையில் துண்டுகளைக் கழுவித் துடைத்து, மேல்தோல் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் வரும் வரைக்கும் மேசை விசிறிக்கு முன்னால் வைத்தேன். அந்தப் பிசுபிசுப்பில்தான் புகை பிடிக்கும். விசாரணையில் பன்றியும் லீவில் கோழித் தொடையும் ஏறின. ஈ.பி.எப்பில் பேரிக்காய்ச் சீவல். முதல் ஹொட் பிளேட்டைப் போட்டேன். சற்று நேரத்தில் இழுப்பறை இடுக்குகளில் நீலமாக ஓர் இழை வெளியே வந்தது. காய்ச்சல் துப்பாக்கியால் பன்றியைச் சுட்டேன், 38 காட்டியது. சாதாரணக் காய்ச்சல். பிறகு 40. பேரன் பனடோல் கொடுக்கவா தாத்தா என்றான். 42 வந்ததும் இனிச் சூட்டைக் கூட்ட வேண்டியதுதான் என்று, பதினொரு மணி கடந்திருக்கும், இரண்டாவது ஹொட் பிளேட்டின் சுவிட்சை அழுத்தினேன்.

கரண்டு போய்விட்டது.

டிரிப் சுவிட்சைப் போய்ப் பார்த்தேன், விழவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது. பக்கத்து வீட்டு டீவி அடங்கியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கும் மெஷினும் நின்றிருந்தது. பண்டாரவளையில் இருக்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டு நலம் விசாரித்துவிட்டு, அங்கே கரண்டு இருக்கிறதா என்று சும்மா கேட்டேன். இல்லை என்றார். பதுளையில் இல்லை. கண்டியில் இருக்கும் தங்கை, இங்கேயும் இப்பதான் போச்சு அண்ணே என்றாள். கொழும்பில் மருமகன் லிப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஒரு 1000 வாட் ஹொட் பிளேட்டால் ஒரு நாட்டை அணைக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அறிவு வேறு, கிளாக்கர் புத்தி வேறு. எத்தனை மணிக்கு, எந்தச் சுவிட்ச், யார் அனுமதியோடு என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் என்ன பதில் எழுதுவது என்று மனதுக்குள் முதல் பந்தியை எழுதி, இரண்டாவது பந்திக்கும் போய்விட்டேன்.

பேரன்தான் மொபைலில் செய்தியைப் பார்த்துச் சொன்னான். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாம். நாடு முழுக்க இருட்டாம். மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடியே அறிவித்துவிட்டாராம். எனக்கு வந்த நிம்மதியை அடக்க முடியாமல், குசினிக்குள் போய் மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன்: “நான் இல்லை. குரங்கு!”

அவள் தேங்காய் திருவுவதை நிறுத்தாமல், “ரெண்டு பேரும் ஒரே வேலையத்தான பாத்திருக்கீங்க” என்றாள்.

ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் நடுவில்தான் கிருமிகள் குடும்பம் பெருக்கும். என் பன்றி சரியாக நடுவில் நின்றது. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் கபினட்டைக் கட்டிப்பிடித்துச் சூட்டைக் காப்பாற்றும் யோசனையில் இருந்தபோது, கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. மாமியார் எனக்குத் தெரியாமல் ஒரு கட்டு மிலாறு வரவழைத்து வைத்திருந்தார். மூங்கில் ஒன்றைக் குறுக்கே கட்டி, கம்பி வளைத்து, “கொண்டாங்க தம்பி” என்றார். நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம், பழைய செக்ரோல் அட்டை ஒன்றால் புகையை விசிறுவது. மிலாறு மெல்லிய குச்சி. சடசடவென்று பிடித்து, அடங்கி, கங்காகக் கனன்றது. தீ எழும்பினால் ஈரத் தேயிலை இலையை ஒரு பிடி போடுவார். அளவு, பாகை, குவயகோல் எதுவும் பேசவில்லை. கொழுப்பு சொட்டும் சத்தத்தைக் கேட்டே துண்டுகளைத் திருப்பினார்.

இருட்டுமுன் இறக்கி, பலகையில் வைத்து அறுத்தேன். வெளித்தோல் கருப்புக்குச் சற்று முந்திய செம்பழுப்பு; கத்தி பட்டதும் மெல்லச் சரக்கென்றது. அதற்கு உட்புறமாக ஒரு நூல் அளவுக்கு இளஞ்சிவப்பு ஓடியது. புகையிலுள்ள வாயுக்கள் தசையின் நிறப்பொருளோடு பிணைந்து உண்டாக்கும் வளையம் அது. வெடியுப்பு இல்லாமல் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்துக் கொழுப்பு கண்ணாடியாகத் தெரிந்தது. ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்து, மெழுகுதிரியும் தயாராக, மாலையில் கரண்டு வந்து மெழுகுதிரியும் வேண்டாமென்று ஆகி, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பங்களா பேக்கன் இல்லை இது. அதைவிட உப்பும் உறைப்பும் கூட. பேரன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். மாமியார் மட்டும், அந்தக் காலத்து ருசி வரவில்லை, பன்றிக்கு இப்போது என்ன தீனி போடுகிறார்களோ என்றார். நான் கபினட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் நுரைச்சோலை மின்நிலையம் நின்றுபோன காரணத்தால் ஒன்றரை மணித்தியாலக் கரண்டு வெட்டு. அதற்குப் பிறகு கபினட் ஒழுங்காகவே வேலை செய்கிறது. கோழியும் வெள்ளைப்பூடும் நன்றாகவே வருகின்றன, இளநீலப் புகைகூட வருகிறது. ஆனால் ஆளுகை கை மாறிவிட்டது. வெலிமடையில் ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் துணி காயாது. தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் அடுப்புக்கு மேலே காயவைத்த வெள்ளை யூனிபோர்மில் புகை வாசத்தோடு பள்ளிக்கூடம் போனவர்கள்தான். மரச்சீவல் போடாமல் இரண்டாவது பிளேட்டை மட்டும் 50 பாகையில் வைத்தால் காலுறை ஓர் இரவில் காய்ந்துவிடும் என்று மனைவி கண்டுபிடித்த நாளோடு லீவு இழுப்பறை போய்விட்டது. பேரனிடம் புகை வாசம் பிடித்து, வீட்டில் விறகடுப்பா என்று டீச்சர் கேட்டாராம். இல்லை டீச்சர், கரண்டு என்று பேரன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். செக்ரோல் இழுப்பறையில் மாமியாரின் கொறக்காய். எனக்கென்று மிஞ்சியிருப்பது விசாரணை மட்டுமே. அதுவும் செவ்வாய், வெள்ளி, போயா, சஷ்டி நீங்கலாக.

குரங்குகளும் வந்தன. 2025 மார்ச் 15, பயிரழிக்கும் மிருகங்களை நாடு முழுக்க எண்ணிய நாள் நினைவிருக்கும். காலை 8 மணியிலிருந்து 8.05 வரை அவரவர் வீட்டில் நின்று எண்ண வேண்டும். நான் அட்டையும் பேனையுமாக நின்றேன். ஒன்றுகூட வரவில்லை, பூச்சியம் என்று எழுதினேன். எட்டரைக்குக் கூட்டமாக வந்து, அப்போது இன்னும் என் வசமிருந்த செக்ரோல் இழுப்பறையைத் திறந்து, புகைபோட்ட வெள்ளைப்பூட்டைச் சரத்தோடு தூக்கிக்கொண்டு போயின. காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களுக்கு அரைநாள் பேர்கூடக் கிடையாது என்று பின்னாலேயே ஓடிச் சொல்லிப் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு நாமும் ஒன்று கட்டலாமே என்று கை பரபரக்கும் ஊவாவாசிகளுக்கு: பழைய பூச்சை என்னைப்போல் எரிக்காமல் அகற்றுங்கள், எர்த் அடியுங்கள், டிரிப் சுவிட்ச் இல்லாமல் பிளக்கைத் தொடாதீர்கள், மூடிய அறைக்குள் வைக்காதீர்கள், கரண்டு போனால் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஏலத்தில் கபினட் எடுப்பதானால் சாவியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். சாவி இல்லாமல் எனக்கு விற்றதைப்போல உங்களுக்கும் விற்கப் பார்ப்பார்கள்.